மறதி நோயை அளந்த வரலாறு

நோயைக் கண்டறிவது ஒன்று. கண்டது மெய்யென நிலைநாட்டுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது என்பதை முதுமை மறதி நோயின் சோதனை வரலாறு நன்கு விளக்குகின்றது.

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், மறதியுற்று இறந்த ஒரு பெண்மணியின் மூளையை நுண்பெருக்கியால் ஆராய்ந்து, அதில் படிந்திருந்த கசடுகளையும், நரம்பணுக்களுள் முறுக்குண்ட இழைகளையும் எடுத்துரைத்தார். கசடு அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனது என்றும், இழைகள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்றும் பிற்காலத்தார் கண்டனர். ஆயினும், இறந்தபின் மூளையை ஆராய்ந்தே இந்நோயை ஐயமற உறுதி செய்யும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

மூளையைச் சூழ்ந்துள்ள நீரே முதுகுத் தண்டையும் சூழ்ந்துள்ளது. அதனை இடுப்புப் பகுதியில் ஊசியிட்டு எடுக்கும் முறையைக் கீல் நகர மருத்துவர் ஹைன்ரிக் குவின்கே 1891இலேயே வெளியிட்டிருந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1995இல், நோயுற்றோரின் தண்டுநீரில் டௌ மிகுந்தும் அமிலாய்டு-42 குறைந்தும் இருப்பதை ஆய்வாளர் அறிவித்தனர். அமிலாய்டு மூளையிலேயே கசடாகப் படிந்துவிடுவதால் நீருக்கு வந்து சேர்வது குறைகின்றது.

வழி பிறந்தது; ஆனால் அளவு ஒத்து வரவில்லை. ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார், 2009இல் தொடங்கிய தரச் சோதனைத் திட்டத்தின் வழி, ஒரே தண்டுநீரைப் பங்கிட்டுப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினர். 40 கூடங்களின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன. அவற்றிடையே காணப்பட்ட சிதறல் ஏறத்தாழ 13 முதல் 36 விழுக்காடு. ஒரே விடைத்தாளுக்குத் தேர்வாளர் ஒருவர் 40 புள்ளியும் மற்றொருவர் 60 புள்ளியும் இட்டால் மாணவன் தேறினானா, தவறினானா?

காரணங்களுள் ஒன்று மிக எளியது. அமிலாய்டு ஒட்டும் இயல்புடையது. கண்ணாடிக் குழாயிலும் சிலவகைப் பிளாஸ்டிக் குழாயிலும் அது சுவரில் ஒட்டிக்கொள்ள, எஞ்சியதே கணக்கில் வந்தது. குறைவே நோயின் அடையாளம் ஆதலால், நலமுள்ளவரும் நோயாளியாகத் தோன்ற இடமுண்டு! எனவே, குறைவாக ஒட்டும் பாலிப்ரொப்பிலீன் குழாயையே கொள்ளுமாறு விதி வகுத்தனர்.

சந்தையில் கடைக்கொரு படி இருந்தால் வாணிகம் நடவாது. முத்திரையிட்ட படி ஒன்று வேண்டும். அத்தகைய படி 2017இல் கிடைத்தது. பெல்ஜியத்தின் கீல் நகரிலுள்ள ஐரோப்பிய ஆய்வு நிலையம், அமிலாய்டு-42இன் அளவு உறுதி செய்யப்பட்ட மூன்று தண்டுநீர் மாதிரிகளை வெளியிட்டது. அவற்றின் அளவுகள் லிட்டருக்கு 0.45, 0.72, 1.22 மைக்ரோகிராம். சோதனைப் பொருள் செய்வோர் தத்தம் அளவைகளை இவற்றோடு ஒப்பிட்டுத் திருத்த வழி ஏற்பட்டது.

2022 மே மாதத்தில், அமிலாய்டு-42ஐ அமிலாய்டு-40ஆல் வகுத்துக் காணும் சோதனையொன்றுக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. 292 மாதிரிகளில் அது ஆராயப்பட்டது. கசடு உண்டு எனச் சோதனை காட்டியவர்களுள் 97 விழுக்காட்டினருக்கு மூளைப் படமும் அவ்வாறே காட்டியது. இல்லை எனக் காட்டியவர்களுள் 84 விழுக்காட்டினருக்கே படம் ஒத்து வந்தது. ஆகவே இச்சோதனை ஒன்றைக் கொண்டே தீர்ப்புக் கூறுதல் ஆகாது.

2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானமாப் என்னும் மருந்து, அமிலாய்டு உறுதிப்பட்டவருக்கே உரியது. மூளை வீக்கத்தையும் கசிவையும் உண்டாக்கவும் கூடியது. பிழையான எண், வேண்டாதவருக்கு அம்மருந்தைக் கொடுக்கும், வேண்டியவருக்கு மறுக்கும். புதுமை காண்பவர் புகழ் பெறுகின்றனர். குழாயையும் படியையும் சரிபார்த்தவர் பெயரை உலகம் அறியாது. எனினும் நோயாளி நம்பியிருப்பது அவர்களையே.