பண்டிதர் வாங்கின பின்னூட்டம்

வீட்டிலேயே பாட்டு பதிவு பண்ணி மிக்ஸிங் செய்யறவங்களுக்குத் தெரியும். ஒரே துண்டை நாற்பது தடவை கேட்டாச்சுன்னா எது சரி, எது தப்புன்னு நம்ம காது சொல்லாது. அடுத்தவர் காது வேணும். அதுவும் முகத்துக்காக 'பிரமாதம்' சொல்லாத காது. தஞ்சாவூர்ல ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே அப்படிப்பட்ட காதுகளை சொந்தச் செலவில் வீடு தேடி வரவழைச்சார். ஆபிரகாம் பண்டிதர்.

1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். தஞ்சாவூர் வந்து சித்த வைத்தியத்தில் நல்லாவே சம்பாதிச்சார். ஊருக்கு வெளியே பெரிய தோட்டம், சொந்த அச்சகம். ஆனா கிறுக்கெல்லாம் இசை மேலதான்.

ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிங்கறது சார்ங்கதேவர் காலத்துக் கணக்கு. பண்டிதர் சிலப்பதிகாரத்தைத் துருவிப் பார்த்துட்டு, இல்லை, 24 சம பங்குன்னார். ச-வுக்கு ப, அந்தப் ப-வையே ச-வா வச்சு அதுக்கொரு ப... இப்படிப் பன்னிரண்டு தடவை போனா ஏழு ஸ்தாயி ஏறி மறுபடி ச-வுக்கே வரணும். ஆனா 3/2 விகிதத்தில் போனா வராது. கிட்டத்தட்ட கால் அரைச்சுரம் தாண்டிப் போயிடும். வட்டம் மூடணும்னா ஒவ்வொரு ப-வையும் துளியூண்டு இறக்கணும் (அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு!). இறக்கினா பன்னிரண்டும் சமம், பாதியாக்கினா 24.

எழுதி நேரா அச்சுக்கு அனுப்பியிருக்கலாம். மனுஷர் 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, வித்வான்களைக் கூப்பிட்டு மாநாடு மேல மாநாடா நடத்தினார். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மாதிரி ஆட்கள் வந்தாங்க. தஞ்சாவூர் மாநாடுதான், ஆனா வந்தவங்க தலையாட்டிப் பொம்மைகள் இல்லை :-)

அதுவும் போதலை. 1916-ல் பாத்கண்டே பரோடாவில் நடத்தின அகில இந்திய மாநாட்டுக்குப் போனார். மகள்களையும் கூட்டிட்டுப் போய், பாடியும் வீணையில் வாசிச்சும் காட்ட வச்சார். 22 சுருதிக் கட்சிக்காரரான கிளெமெண்ட்ஸ் தன்னோட சுருதி ஹார்மோனியத்தோட வந்த மேடை அது. எதிராளி இருக்கற இடத்தில் போய்க் காதுக்கு விடறதுக்குத் தைரியம் வேணும்ங்க.

சரி, மாத்திக்கிட்டாரா? இல்லை. 1917-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேல கருணாமிர்த சாகரம் வந்தப்பவும் 24 அப்படியே நின்னுச்சு. எனக்கு இதில் ஒரு இடறல் உண்டு. தம்புராவை மீட்டினா அதுக்குள்ளேயே ஒரு அந்தர காந்தாரம் தானா ஒலிக்கும். பண்டிதர் கணக்குப்படி வர்ற காந்தாரம் அதைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு மேல நிக்குது. ப-வில் விட்ட துளியைக் காது மன்னிக்கும், இதை மன்னிக்காது. வட்டம் அழகா மூடுது, தம்புரா ஒத்துக்கலை.

பண்டிதர் 1919-ல் காலமானார். 1947-ல் அதே தஞ்சாவூரின் கரந்தைத் தமிழ்ச் சங்கம் விபுலாநந்தரின் யாழ் நூலை வெளியிட்டுச்சு. அரங்கேற்றம் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில். அவரும் சிலப்பதிகாரத்திலிருந்துதான் ஆரம்பிச்சார். அவருக்கு வந்த கணக்கு 22.