ஊவாத் தோட்டப் பாடல்களின் அருஞ்சொற்பொருள்

சங்கப் பாட்டுக்கு உரை வேண்டும், நாட்டுப் பாட்டுக்கு உரை வேண்டா என்பது கற்றோர் பலரின் எண்ணம். சங்கப் பாட்டைப் புலவர் பாடினர். நாட்டுப் பாட்டைப் பாமரர் பாடினர். ஆதலின் முன்னையது அரிது, பின்னையது எளிது என அவர் கருதுவர். பதுளையைச் சூழ்ந்த பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிவந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் செவிமடுப்போர்க்கு இவ்வெண்ணம் நிலைபெறாது. சொற்கள் யாவும் தமிழ்ச் சொற்கள் போலவே ஒலிக்கும். ஆனால் பொருளோ பிடிபடாது நழுவும். இவ்விருண்மை எங்கிருந்து வந்தது? பாடியவரின் அணித்திறத்திலிருந்து அன்று; தோட்டத்துக் கணக்கேட்டிலிருந்தும் சட்டத்திலிருந்தும் அது வந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். தோட்டப் பாடல்களின் அருஞ்சொற்களைத் திசைச்சொற்கள் எனலாம். அவை பிறந்த திசையை முதலில் அறிதல் வேண்டும்.

கோப்பிப் பயிர் பரவிய 19ஆம் நூற்றாண்டில், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கடல் கடந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். ஊவாவுக்குச் செல்வோர்க்கு அதன் பின்னும் நெடிய மலைவழி எஞ்சியிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதல் காணப்பட்ட இலைநோய், பின்னர் இலங்கைக் கோப்பி முழுவதையும் அழித்தது. தேயிலை அதனிடத்தைப் பெற்றது. புகையிரதம் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. எந்த மலைக்கு வந்தவராயினும் ஊரில் விட்டுவந்த உறவினர்க்கு அவர் ‘கண்டிக்குப் போனவரே’. ஆதலின் இப்பாடல்களிற் கண்டி என வருமிடமெல்லாம் தலதா மாளிகை விளங்கும் நகரைத் தேடுதல் பிழையாகும். மலைநாடு முழுவதற்கும் அது பெயர். ஊவாவும் அதனுள் அடங்கும்.

இனி, ‘லயம்’ என்னும் சொல்லை நோக்குவோம். இசை பயின்றார் சுருதியையும் லயத்தையும் நினைப்பர். சைவ சித்தாந்தம் கற்றார் இலயம், போகம், அதிகாரம் என்ற மூன்றனுள் முதலதை நினைப்பர். தோட்டத்தில் லயம் என்பது வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஏறத்தாழப் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடைய அறைகள், ஒரே கூரையின்கீழ்ச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் குடியிருப்பு அது. ஒடுக்கம் என்னும் பொருள் அதற்கும் பொருந்துகின்றதே எனின், அப்பொருத்தம் தற்செயலாய் அமைந்தது. உரைகாரர் அதனை வேராகக் கொள்ளலாகாது.

இவ்வாறே ‘பிரட்டு’ என்பது புரட்டு அன்று. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பகிர்ந்தளிக்கும் ‘பரேட்’ அது. அதற்கு முன் ஒலிக்கும் ‘தப்பு’ குற்றம் அன்று; துயில் எழுப்பும் பறை. ‘கவ்வாத்து’ படைப்பயிற்சி அன்று. தேயிலைச் செடியை வெட்டிக் குறைத்தல். ‘சில்லறைக் கங்காணி’ என்பவர் நாணயம் மாற்றுபவர் அல்லர். பெரிய கங்காணியின்கீழ் ஒரு சிறு கூட்டத்தை மேய்ப்பவர். ‘பேர்’ என்பதோ ஒரு நாள் வேலைக்கான பதிவு. மழையினாலோ நோயினாலோ வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். மனிதன் பெயரைப் பாதியாக அறுக்க இயலுமோ எனப் புறத்தார் வியப்பர். கணக்கேடு அதனை நாள்தோறும் செய்தது.

இவற்றுள் மிக ஆழ்ந்து நோக்கத்தக்கது ‘துண்டு’. துண்டு கைமாறியதென ஒருத்தி இரங்குவாளாயின், தோளில் இடும் ஆடையென்றோ தூதாகச் சென்ற ஓலையென்றோ நாம் பொருள் கொள்வோம். உண்மையில் அது கடன் சீட்டு. வழிச்செலவுக்கும் உணவுக்கும் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்னாரின் கடன் இவ்வளவு. இதனைச் செலுத்துவோர்க்கு இவர்களை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுப்பார். அத்தாளைக் கங்காணி தோட்டந்தோறும் கொண்டு செல்வார். புதிய துரை பணத்தைச் செலுத்துவார், ஆட்கள் பெயர்வர், கடனும் அவர்களோடு பெயரும். இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு காகிதத் துண்டு ஒரு குடும்பத்தின் விலையாயிருந்ததை அறியாதான், துண்டைக் குறித்த இரங்கலைக் கேட்டும் கேளாதவனே ஆவான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திற் சேர்க்கப்பட்டோர்க்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. கழுத்துக் கயிற்றில் அதனைக் கோத்து அணிந்து வந்தனர். கழுத்துக் கயிறு என்றவுடன் மங்கல நாணை மட்டும் நினைப்பவர், இதனையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

அவ்வாறாயின் இப்பாடல்கள் அனைத்தும் குறிமொழியோ எனின், அன்று. துரையும் கங்காணியும் கேட்க நேரும் இடத்திற் பாடுவோர் மறைத்துச் சொல்லியிருத்தல் இயல்பே. அமெரிக்காவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பிரடெரிக் டக்ளஸ், தாமும் தோழரும் பாடிய பக்திப் பாட்டின் கானான் நாடு தமக்கு வடநாட்டையே குறித்ததென 1855இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அது பாடினவரே கூறிய சான்று. அந்நாட்டிலேயே, குடுவை வடிவ விண்மீன் கூட்டத்தைப் பின்பற்றிச் செல்லுமாறு கூறும் பாட்டொன்று 1928இல் அச்சேறியது. தப்பிச் செல்வோர்க்கு அது வழிகாட்டும் வரைபடம் எனப் பலர் நம்பினர். ஆராய்ச்சியாளர் சிலரோ சான்று போதாதென ஐயுறுகின்றனர். இவ்விரண்டும் நமக்குப் பாடம். சொல்லின் வழக்கை அறியாது பொருளின்மை கூறுதல் ஒரு பிழை. சான்றின்றி மறைபொருள் ஏற்றுதல் மற்றொரு பிழை. கொழுந்து என்பது பெரும்பாலும் கொழுந்தே.

சான்று எங்கே உள்ளது? பாடியோரிடத்தில். மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையும் (1914–1984), வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்த சாரல் நாடனும் அவ்விடத்துக்கே சென்றனர். ஆயினும் பாடியோர் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. அன்னை ஒரு கரையிலும் மகள் ஒரு கரையிலுமாக, பாட்டு ஒருத்தியிடமும் அதன் பொருள் மற்றொருத்தியிடமுமாகப் பிரிந்தன. ஊரிற் கண்டிக்காரர் எனப்பட்டோரின் வழித்தோன்றல்கள், நீலகிரியிற் குடியேறியபின் சிலோன்காரர் எனப்பட்டனர்.

இவை இறந்த காலத்துச் சொற்கள் எனத் தள்ளுவாரும் உளர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. அன்று மண்ணுட் புதைந்தோர்க்கு லயம் என்பது அகராதிச் சொல்லன்று, வீடு.

ஆதலின் மாணவர்காள்! நும் பாட்டியர் பாடும் பாட்டை எழுதுமுன், அப்பாட்டின் ஒவ்வொரு சொல்லும் எந்த வேலையில், எந்தக் கணக்கில், எவர் வாயில் வழங்கிற்று என அவரிடமே வினவுங்கள். நச்சினார்க்கினியர் இன்று வந்தாலும் ‘அரைப்பேர்’ என்பதற்கு உரை எழுத வல்லரல்லர். அவ்வுரை லயத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடமே உள்ளது. அவர் மறைந்தபின் எஞ்சுவது ஒலியே, பொருளன்று.