அப்பா குறைத்து வைத்த திருகு



நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய சிற்றலை ரேடியோ கிடைத்தது. ஒலியைக் கூட்டும் திருகுக்குப் பக்கத்தில் 'ஆர்.எஃப். கெயின்' என்று இன்னொரு திருகு. "இது எதுக்கு தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். உங்களுக்கும் சொல்கிறேன்.

சிற்றலை, வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நம்மிடம் வருகிறது. அந்த மண்டலம் ஓயாமல் மாறுவதால் ஒலி ஒரு நேரம் உரக்கக் கேட்கும், மறு நேரம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். ஆரம்ப காலத்தில் கேட்பவர் திருகிலிருந்து கையை எடுக்கவே முடியாது. 1925-26இல் அமெரிக்காவில் ஹரால்டு வீலர் என்ற 22 வயது இளைஞர் இதற்கு வழி கண்டார். வரும் அலையின் வலிமைக்கேற்ப ஒரு மின்னழுத்தத்தை எடுத்து, முன்னால் உள்ள பெருக்கிகளுக்கே திருப்பி அனுப்பினார். அலை வலுத்தால் பெருக்கம் தானாகக் குறையும், மெலிந்தால் கூடும். 1929இல் ஃபில்கோ 95 என்ற ரேடியோவில் இது விற்பனைக்கு வந்தது.

ஆனால் பக்கத்து அலைவரிசையில் வலுவான நிலையம் இருந்தால், முதல் பெருக்கியே திணறிப்போகும். அப்போது தானியங்கி மட்டும் போதாது. அதற்குத்தான் இந்தக் கைத்திருகு.

1983 ஜூலை. கொழும்பில் கலவரம். பெரியம்மா குடும்பம் அங்கே. கடிதம் இல்லை, தந்தி இல்லை. இரவானால் லண்டன் தமிழோசைக்காகத் திண்ணை நிறைய ஆட்கள். ஒருநாள் வேறொரு நிலையத்தின் இரைச்சல் மேலேறி, ஒரு சொல்லும் புரியவில்லை. அம்மா அழத் தொடங்கிவிட்டார். "முழுசா கூட்டுங்க அத்தான்" என்றார் மாமா. கூட்டினார்கள், இரைச்சல்தான் கூடியது. அப்பா பேசாமல் கெயின் திருகைப் பாதிக்கு மேல் குறைத்து, ஒலித் திருகை மட்டும் கொஞ்சம் ஏற்றினார். இரைச்சல் அடங்கி, செய்தி வாசிப்பவரின் குரல் தனியே மேலே வந்தது.

பெரியம்மாவைப் பற்றி அதில் ஒன்றும் வரவில்லை. 'அனைவரும் நலம்' என்ற தந்தி வந்தது பல நாள் கழித்துத்தான். அதுவரை இரவுதோறும் அந்தத் திருகு அதே இடத்தில்தான் இருந்தது.

வகுப்பில் நீங்கள் கூச்சல் போட்டபோதெல்லாம் நான் ஏன் குரலைத் தாழ்த்திப் பேசினேன் என்று இப்போது புரிகிறதா?

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு ரேடியோ இருந்தால் எழுதுங்கள்.