கயவாகு கொண்டு சென்ற சிலம்பு

சித்திரை முழுநிலா நாளன்று பளியன்குடியிலிருந்து மலையேறி மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை அடைவோர், இடிந்த கற்சுவர்களுக்கிடையே நின்று கம்பம் பள்ளத்தாக்கைக் கீழே காண்பர். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் வழி திறக்கும். செங்குட்டுவன் எடுத்த கோட்டம் இதுவே என 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் நிறுவ முயன்றார். சிலம்பின்படி, கண்ணகிக்குக் கடவுள் மங்கலம் செய்த நாளில் உடனிருந்த மன்னருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன். நம் மேடைகளில் அவன் ஒரு விருந்தினன். காலக்கணக்குக்குக் கைகொடுக்கும் சான்று. அவ்வளவே.

கடலுக்கு அப்பால் அவன் கதை வேறு. சிங்கள நூலான 'ராஜாவலிய' கூறுவது இது: அவன் தந்தை காலத்தில் சோழன் படையெடுத்துத் தீவிலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துச் சென்றான். பின்னர் ஓரிரவு நகர்வலம் வந்த கயவாகு, ஒரு வீட்டில் கைம்பெண் அழக் கேட்டுக் கதவில் அடையாளமிட்டுத் திரும்பினான். மறுநாள் அழைத்து வினவியபோது, தன் மைந்தர் காவிரிக்கரை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டதை அவள் சொன்னாள். நீலன் என்னும் பெருமல்லனுடன் புறப்பட்ட அரசன் இரும்புத் தண்டால் கடலை அடித்தான். நீர் இரண்டாய்ப் பிளந்தது. சோழநாட்டில் நீலன் யானைகளை ஒன்றோடொன்று மோதிக் கொன்றான். 12,000 சிறையாளரோடு மேலும் 12,000 பேரையும், பத்தினியின் சிலம்பையும் கொண்டு அரசன் மீண்டான்.

இக்கதையில் இருளாய் வந்து சூழ்ந்த பகைவர் நாம்தாம். படித்த நாளில் எனக்கு அது உறுத்தியது. அங்கும் ஒரு பெண்ணின் அழுகைதான் அரசனை அசைக்கிறது என்பது அதைவிட உறுத்தியது.

மகாவம்சம் கயவாகுவுக்கு 22 ஆண்டு ஆட்சியையும் விகாரைப் பணிகளையும் தருகிறது; இப்படையெடுப்பைக் குறிக்கவில்லை. கதை எழுத்தில் வருவது 13ஆம் நூற்றாண்டின் 'பூஜாவலிய'வில். 1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைச் சூறையாடிய நினைவு அப்போது ஆறாதிருந்தது. பழைய அரசன் ஒருவனுக்குக் கடல் வழிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள அம்மக்களுக்குத் தேவை இருந்தது என்றே நினைக்கிறேன். அறிஞர் கணநாத் ஒபயசேகர 1970இல் இதனைத் தென்னிந்தியக் குடியேற்றத்துக்குக் காரணம் கற்பிக்கும் தொன்மமாகக் கண்டார். இரட்டித்த சிறையாளர் எண்ணிக்கை அவர் பக்கமே சாய்கிறது.

அப்படியாயின், 1904இல் நூலாக வந்த வி. கனகசபையின் ஆய்வு கயவாகுவைக் கொண்டு சங்ககாலத்தை இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தியது என்னாகும்? அந்த ஒற்றைப் பெயர் அத்தனை பாரத்தையும் தாங்காது. ஆனால் பத்தினி வழிபாடு கடல் கடந்தது கற்பனையன்று. கண்டி எசல பெரகராவில் தலதா மாளிகை ஊர்வலத்துக்குப் பின்னே நாதர், விஷ்ணு, கதிர்காமர் தேவாலய ஊர்வலங்கள் செல்லும். அவற்றை அடுத்து வருவது பத்தினியுடையது. மரபாகப் பெண்கள் ஆடிவருவது அந்த ஊர்வலத்தில்தான்.