மலைமேடையில் ஒரு பெயர்

டவுன்டவுனில் கோப்பை கழுவும் நாங்கள், லீவு நாளில் றோயல் மலைப் பாதைகளில் ஏறுகிறோம். 1906இல் கட்டிய பார்வை மேடையில், உயர்ந்த கட்டடங்கள் பின்னால் தெரிய, ஊருக்கு அனுப்பப் படம் பிடிக்கிறோம். அவை மலையுச்சியை மீறக்கூடாதென்பது நகரவிதி.

மேடைக்குக் கொண்டியாறொங்கின் பெயர். வென்டாற் இனத் தலைவர் அவர். 1649இல் இரோக்குவாக்களின் தாக்குதலால் ஊரிழந்து சிதறிய இனம் அது. அதே இரோக்குவாக்களோடும் பிரெஞ்சுக்காரரோடும் சமாதானம் பேச 1701இல் மொன்றியல் வந்தார். நோயோடு அமர்ந்தபடியே சபையில் பேசினார். ஓகஸ்ட் 2இல் இறந்தார். 4ஆம் தேதி, ஏறத்தாழ 40 இனங்கள் சம்மதிக்க, ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அவரைப் புதைத்த இடத்துக்கு இன்று அடையாளமில்லை. ஊருக்குப் போகும் படத்தோடு இந்தக் கதையும் போகட்டும்: ஊரிழந்தவரின் சொல்லுக்கும் ஒருகாலம் எதிரிகள் காதுகொடுத்தார்கள்.