ஒரே ஊசி, இருவர் முதுகு

அமெரிக்க முன்னாள் படைவீரர் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் நாள்பட்ட முதுகுவலி. ஒருவருக்கு வீடு உண்டு. மற்றவர் இரவைக் காருக்குள்ளோ பாலத்தடியிலோ கழிப்பவர். 2024 ஜனவரிக் கணக்கெடுப்பின்படி, வீடற்ற முன்னாள் வீரர்கள் 32,882 பேர்.

ஓபியாய்டு வலிநிவாரணி மாத்திரைகள் அளவுக்கு மீறிப் போனதால், முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் 2013இல் அவற்றைக் குறைக்க முனைந்தன. மாற்றுவழிகளுள், மெல்லிய ஊசிகளை உடலில் குத்தும் அக்குபங்சரும் இடம்பிடித்தது. வழக்கமான முறையில் வாரம் ஒன்றோ இரண்டோ அமர்வுகள், பல வாரங்களுக்கு. வீடுள்ளவருக்கு இதில் பெரிய சிக்கலில்லை. நேரம் குறித்துக்கொண்டு போவார், ஊசி போட்டுக்கொள்வார், திரும்பிவந்து மெத்தையில் படுப்பார். வீடற்றவருக்கோ அடுத்த அமர்வை நினைவூட்டும் அழைப்பே போய்ச் சேராது. போதாததற்கு, பகலில் தளர்ந்த தசையைக் குளிரும் சிமென்ட் தரையும் அன்றிரவே மறுபடி இறுக்கிவிடும்.

இதுவரை பார்த்தால் ஊசி வீடுள்ளவர் பக்கமே சாய்கிறது. காதுமடல் ஊசியிலோ கதை மாறுகிறது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்சோ 2001இல் உருவாக்கிய ‘போர்க்கள அக்குபங்சர்’ இது. ஒவ்வொரு காதிலும் ஐந்து புள்ளிகள். அவற்றில் குத்தும் பொட்டளவு ஊசிகள் சில நாள் இருந்து தாமே உதிரும். படுக்கை வேண்டாம், சட்டை கழற்ற வேண்டாம், சில நிமிடங்கள் போதும். களத்தில் நிற்பவனுக்காகச் செய்தது தெருவில் நிற்பவனுக்கும் பொருந்துகிறது. இரவில் திருடுபோகவோ விற்றுவிடவோ மாத்திரைக் குப்பியும் இல்லை. ஆனால் காதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தண்ணீர் வேண்டுமே! குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் எளிதில் ஆறாது.

சரி, பொதுவாக அக்குபங்சரால் வலி உண்மையில் குறைகிறதா? 39 ஆய்வுகளில் 20,827 நோயாளிகளின் தரவைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆய்வு, ஒப்பீட்டுக்காகச் சிகிச்சைபோலத் தோன்றச் செய்யும் பொய் ஊசியைவிட மெய் ஊசி மேல் என்றது. ஆனால் அந்த வேறுபாடு சிறிது. எந்த ஊசியும் போடாதவர்களோடு ஒப்பிடும்போதுதான் பலன் பெரிதாகத் தெரிந்தது. பலனில் ஒரு பங்கு ஊசிமுனையிலிருந்து அல்ல, ஒருவர் பொறுமையாகக் கவனிப்பதிலிருந்தும் அமைதியான அறையிலிருந்தும் வருகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். அப்படியானால், ஏற்கெனவே அமைதி வாய்த்தவரைவிட அது கிடைக்காதவருக்குத்தான் அந்த அறை அதிகம் உதவும். ஆனால் இத்தகைய ஆய்வுகள் மாதக்கணக்கில் ஆளைப் பின்தொடர்ந்து விசாரிப்பவை. விலாசம் இல்லாதவர் அவற்றிலிருந்து எளிதில் நழுவிவிடுவார். ஆகவே வீடுள்ளவரின் முதுகில் அளந்த பலனை அப்படியே மற்றவருக்கும் சொல்லிவிட முடியாது.

சில ஊர்களில் வீடற்ற முன்னாள் வீரர்களுக்கென்றே தனி மருத்துவக் குழுக்கள் இயங்குகின்றன. முன்பதிவு இல்லாமலே போகலாம். சில இடங்களில் குளியலறையும் உணவும் வீட்டுவசதி அலுவலரும் அதே கட்டிடத்தில். அக்குபங்சர்காரர் ஒருவருக்கு நாற்காலி போட வேண்டுமானால், நான் அங்கேதான் போடுவேன், குளியலறையை அடுத்து.