கழுத்து வலியில் கைமுறை சிகிச்சையும் உடற்பயிற்சியும்: 2002 நெதர்லாந்துச் சோதனையின் மறுவாசிப்பு

கழுத்து வலிக்கு உடற்பயிற்சியைவிடக் கைமுறை சிகிச்சையே மேல் என்று வாதிடுவோர் பெரும்பாலும் ஒரு சோதனையில்தான் வந்து நிற்கிறார்கள். நெதர்லாந்தில் 183 நோயாளிகளிடம் ஹோவிங் குழுவினர் நடத்தி, 2002-இல் ‘அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியிட்ட சமவாய்ப்புச் சோதனை அது. ஏழாவது வாரத்தில் குணமடைந்ததாகக் கணக்கிடப்பட்டவர்கள் கைமுறை சிகிச்சைக் குழுவில் 68.3 விழுக்காடு, பயிற்சியை மையமாகக் கொண்ட இயன்முறை சிகிச்சைக் குழுவில் 50.8 விழுக்காடு; பொதுமருத்துவரின் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 35.9 விழுக்காடு. இந்த வரிசை கடந்த இருபது ஆண்டுகளில் தரவரிசையாகவே இறுகிவிட்டது. சோதனையின் எண்களில் எனக்கு ஐயமில்லை. அவை கைமுறை சிகிச்சையையும் உடற்பயிற்சியையும் ஒப்பிடுகின்றனவா என்பதில்தான் ஐயம். ஒப்பிடவில்லை என்பதே என் வாசிப்பு.

முதலில் எண்களையே நெருங்கிப் பார்ப்போம். விழுக்காட்டை ஆட்கணக்காக மாற்றினால், கைமுறைக் குழுவின் 60 பேரில் 41 பேர், இயன்முறைக் குழுவின் 59 பேரில் 30 பேர். வேறுபாடு 17.5 புள்ளிகள். எளிய முறையில் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால், அதன் கீழ் எல்லை ஏறத்தாழச் சுழியத்தைத் தொடுகிறது. மேல் எல்லை 35-ஐ எட்டுகிறது. கைமுறைக் குழுவில் ஒரே ஒருவர் ‘மிகவும் தேறிவிட்டேன்’ என்பதற்குப் பதிலாக ‘ஓரளவு தேறினேன்’ என்று சொல்லியிருந்தால், அந்த இடைவெளி சுழியத்தைக் கடந்திருக்கும். குணமடைதல் என்ற முதன்மை அளவீடே நோயாளி ஆறு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்து சொன்ன பதில்தான். மேல் இரு நிலைகள் மட்டுமே வெற்றியாகக் கொள்ளப்பட்டன. வலியின் கடுமையில், 0 முதல் 10 வரையிலான அளவுகோலில், மற்ற இரு குழுக்களோடு கைமுறைக் குழுவுக்கு இருந்த வேறுபாடு 0.9 முதல் 1.5 புள்ளி வரைதான். அன்றாடச் செயல்பாட்டுக் குறைபாட்டில் குழுக்களிடையே வேறுபாடு சிறியதே என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுவோர் இந்த வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மதிப்பீட்டாளருக்கு நோயாளி எந்தக் குழு என்பது தெரியாது என்ற பதில் இங்கே உதவாது: முதன்மை அளவீட்டைச் சொன்னவர் நோயாளி, அவருக்குத் தன் கழுத்தில் யார் கைவைத்தார் என்பது நன்றாகவே தெரியும்.

ஆனால் எண்களின் நொய்மையைவிட முக்கியமானது குழுக்களின் உள்ளடக்கம். கைமுறைக் குழுவுக்கு வாரம் ஒரு முறை, அதிகபட்சம் ஆறு அமர்வுகள். நெட்டி எடுப்பது போன்ற விசையான உந்தல்கள் அதில் இல்லை. மூட்டின் இயல்பான வீச்சுக்குள் மெதுவாக அசைவூட்டும் முறைகளே இருந்தன. அவற்றோடு தசை ஒருங்கிணைப்புக்கும் உறுதிப்பாட்டுக்குமான செயல்பாடுகளும் அந்தத் தொகுப்பில் சேர்ந்திருந்தன. இயன்முறைக் குழுவுக்கு வாரம் இரு முறை, அதிகபட்சம் பன்னிரண்டு அமர்வுகள். அதில் பயிற்சி மையமாக இருந்தாலும் இழுவை, மசாஜ், வெப்ப ஒத்தடம் ஆகியவை முன்னதாகச் செய்யப்படலாம். ஆக, ஒரு குழுவில் கைச்சிகிச்சைக்குள் பயிற்சி. மற்றதில் பயிற்சிக்கு முன் கைச்சிகிச்சை. சிகிச்சையாளர்களும் சமமானவர்கள் அல்லர். நெதர்லாந்தில் கைமுறை சிகிச்சையாளர் என்பவர் இயன்முறை மருத்துவம் படித்து, அதற்கு மேலும் தனிப்பயிற்சி பெற்றவர். இந்த இரு தொகுப்புகளுக்கு இடையே தெரிந்த 17.5 புள்ளியைக் ‘கை’, ‘பயிற்சி’ என்ற இரு சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க எந்த வழியும் இல்லை.

இன்னொன்று, பயிற்சியின் அளவு. இயன்முறைக் குழுவில் பயிற்சி நோயாளிக்கேற்ப சிகிச்சையாளர் தெரிவு செய்தது. எல்லோருக்கும் பொதுவாக வகுத்த, படிப்படியாகப் பளு ஏற்றும் வலிமைத் திட்டம் அன்று. ஆறு வாரத்தில் வலிமை கூடினாலும் தசையின் பருமன் பெரிதாக மாறாது என்பது உடற்பயிற்சி அறிவியலின் பாலபாடம். அடுத்த ஆண்டே, 2003-இல், பின்லாந்தின் யிலினன் குழுவினர் நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலக ஊழியர்களிடம் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். அங்கே பயிற்சிக் காலம் ஓராண்டு. வலிமைப் பயிற்சி பெற்றவர்களுக்கும் தாங்குதிறன் பயிற்சி பெற்றவர்களுக்கும் ஒப்பீட்டுக் குழுவைவிட வலியும் குறைபாடும் தெளிவாகக் குறைந்தன. நெதர்லாந்தின் ஆறு வாரத்தையும் பின்லாந்தின் ஓராண்டையும் ‘உடற்பயிற்சி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்துச் சராசரி எடுப்பது, ஒரு மாத்திரை விழுங்கியவரையும் முழுமையாக மருந்துண்டவரையும் ஒரே கணக்கில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

அளவீட்டு நேரமும் கேள்விக்குரியதே. ஏழாம் வாரம் என்பது சிகிச்சை முடிந்து கை விலகிய உடனேயான கணம். குணமடைதல் விகிதத்தில் இருந்த முன்னிலை ஓராண்டு முடிவில் புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தது. சேர்க்கை விதியும் இதற்குத் துணைபோகிறது: இரண்டு வாரம் வலி இருந்தாலே சேரலாம். தானாகவே ஆறக்கூடிய கழுத்துகளும் ஆண்டுக்கணக்கில் வலித்த கழுத்துகளும் கலந்த கூட்டத்தில், குறுகிய கால முன்னிலையை நோயின் போக்கையே மாற்றிய வெற்றியாகக் கொள்ள முடியாது.

இதே சோதனையின் செலவுக் கணக்கு 2003-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. ஓராண்டுக்குக் கைமுறைக் குழுவில் தலைக்கு 447 யூரோ, இயன்முறையில் 1297, பொதுமருத்துவரிடம் 1379. கைமுறை சிகிச்சைக்கு இது வலுவான சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொகையில் வேலைக்கு வராத நாள்களின் இழப்பும் அடக்கம். இத்தகைய கணக்குகளில் நீண்ட விடுப்பெடுத்த ஒரு சிலரே சராசரியைத் தூக்கிவிடுவதுண்டு. தவிர, அங்கே ஒப்பிடப்பட்டது சிகிச்சையகத்துக்கு வந்து சிகிச்சையாளர் முன்னிலையில் செய்த பயிற்சி. வீட்டில் செய்யும் பயிற்சியின் செலவைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

வீட்டுப் பயிற்சியின் வலுவை அறிய 2012-இன் அமெரிக்கச் சோதனைக்குத்தான் போக வேண்டும். பிரான்ஃபோர்ட் குழுவினர் 2 முதல் 12 வாரம் வரை வலியுள்ள 272 பேரை முதுகெலும்பு உந்தல், மருந்து, அறிவுரையோடு கூடிய வீட்டுப் பயிற்சி என மூன்றாகப் பிரித்தார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் வலி முக்கால் பங்காவது குறைந்தவர்கள் முறையே 57, 33, 48 விழுக்காடு. உந்தலுக்கும் பயிற்சிக்கும் இடையே வலியில் முக்கியமான வேறுபாடு எந்தக் கட்டத்திலும் இல்லை. உந்தல் பெற்றவர்கள் சராசரியாகப் பதினைந்து முறை சிகிச்சையாளரிடம் போனார்கள். பயிற்சி பெற்றவர்கள் இரண்டே முறை. ‘இரண்டும் சமம்’ என்று இதைச் சுருக்குவோர் இந்தப் பதின்மூன்று வருகைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. நோயாளிக்கு அவை பணம், பயணம், இழந்த வேலை நேரம்.

அதே ஆண்டு எவன்ஸ் குழுவினர் நாள்பட்ட வலியுள்ள 270 பேரிடம் செய்த சோதனை இன்னும் நேரடியானது. கண்காணிப்பில் செய்த வலிமைப் பயிற்சியோடு உந்தலைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே. கையைத் தனியே பிரித்து எடைபோட்ட சோதனை இது. நெதர்லாந்துச் சோதனையால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. பன்னிரண்டாம் வாரத்தில் கண்காணித்த பயிற்சி வீட்டுப் பயிற்சியை முந்தியது, பிறகு அந்த முன்னிலை குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாள்பட்ட வலிக்கு ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்து அனுப்பினால் போதும் என்று நான் வாதிடவில்லை. எந்தச் சிகிச்சை என்பதைப் போலவே எவ்வளவு என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதுதான் என் வாதம்.

நோயாளிகள் வீட்டில் பயிற்சி செய்வதில்லை என்ற மறுப்பு உண்டு. அது சொல்லிக்கொடுக்கும் முறையின் குறை. பயிற்சியின் குறை அன்று.

தொடக்க வாரங்களில் அசைவூட்டல் தரும் ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வலி தணிந்து கழுத்து திரும்பினால் பயிற்சி எளிதாகும். அதற்காகக் கையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் 2002-இன் சோதனையைப் ‘பயிற்சிக்கு எதிராகக் கைமுறை’ என்ற அட்டவணையில் வைப்பது இனியும் பொருந்தாது. அடுத்து தொகுப்பாய்வு செய்வோர் அதை இரு கலவைத் தொகுப்புகளின் ஒப்பீடாகத் தனியே பதிய வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் பயிற்சியின் பளு, கால அளவு, சிகிச்சையாளரிடம் போன வருகைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.